விசைப்படகு வீட்டில் ஐம்பத்துமூன்று மணி

ராமேஸ்வரம் துறைமுகத்து விசைப்படகுகள் கடலுக்குப் போவது வாரத்தில் மூன்று நாள்: திங்கள், புதன், சனி. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு போனால் மறுநாள் காலையில்தான் கரை. ஆக அந்த மூன்று ராத்திரியும் வீட்டில் அப்பா இல்லை. இதற்குப் பக்கத்தில், கத்தோலிக்க வீடுகளில் ராத்திரி ஐம்பத்துமூன்று சின்ன மணி உருட்டிச் சொல்கிற செபமாலையின் கணக்கை வைத்துப் பாருங்கள். இயேசு, மாதா வாழ்க்கையிலிருந்து தியானிக்கிற ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஒரு தேவ ரகசியம். ஒரு ரகசியத்துக்குப் பத்து மணி, ஒரு நாளுக்கு ஐந்து ரகசியம். சந்தோஷ தேவ ரகசியம் திங்களும் சனியும். துக்கம் செவ்வாயும் வெள்ளியும். மகிமை புதனும் ஞாயிறும். ஒளி வியாழன். அப்பா வீட்டில் முழந்தாள் போடுகிற ராத்திரிகளில் அவருக்குக் கிடைப்பது துக்கம், ஒளி, மறுபடியும் துக்கம், பிறகு மகிமை. சந்தோஷம் மட்டும் அவர் இல்லாத நாளாகப் பார்த்து வந்துவிட்டுப் போய்விடும்.

முன்பு இப்படி இல்லை. 2002 அக்டோபரில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஒளியின் தேவ ரகசியங்களைச் சேர்த்து வியாழனை அதற்குக் கொடுத்தார். அதுவரை வியாழன் சந்தோஷ நாள், சனி மகிமை நாள். இன்றைக்கும் சில வீட்டு அப்பத்தாக்கள் வியாழக்கிழமை சந்தோஷ ரகசியத்தின் கபிரியேல் சம்மனசிலிருந்துதான் தொடங்குவார்கள். பள்ளிக்கூடத்துப் பேரப்பிள்ளைகள் ஒளி ரகசியத்தின் யோர்தான் ஆற்றிலிருந்து தொடங்குவார்கள். அஞ்சு நிமிசம் வாக்குவாதம் நடக்கும். அந்தச் சண்டைக்கு அவசியமே இல்லை. ஒளியின் ரகசியங்களைத் தந்த அதே மடலில், இந்த நாள் ஒதுக்கீடு தனியாகவோ கூட்டாகவோ செபிக்கிறவர்களின் நியாயமான சுதந்திரத்தைக் குறைப்பதற்காகச் சொல்லப்படவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அப்பா கரையில் இருக்கிற செவ்வாய்க்கிழமையைச் சந்தோஷத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வெள்ளியைத் தொடாமல் விடுவது நல்லது. அது பாடுகளின் நாள், ஊர் முழுக்க அந்த நினைப்பில் இருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மாதா வணக்க மாதமான மே அதற்குள் முழுசாக அடங்கிவிடும். அந்த 61 நாளும் அப்பாவுக்கு எல்லா ரகசியமும் கிடைக்கும். வீட்டில் ஒரு சிக்கலும் முளைக்கும். பத்து மாசமாக அம்மா நடத்திவந்த செபத்தை இப்போது யார் முன்நின்று சொல்வது? படகில் டிரைவராக இருக்கிறவருக்கு வீட்டில் பின்வரிசை பிடிக்காது. முதல் பத்தும் ஐந்தாவது பத்தும் அம்மாவுக்கு, நடுவில் மூன்றும் முறைவைத்து மற்றவர்களுக்கு என்று ஏப்ரல் 14ஆம் தேதியே பேசி வைத்துவிடுங்கள். தொடங்குவதும் முடிப்பதும் ஒரே ஆள் கையில் இருந்தால் நேரம் கட்டுக்குள் நிற்கும்.

வீட்டுச் செபத்தில் சிரிப்பு வருவது பாவம் என்று சொல்லிச் சொல்லியே நிறைய வீடுகளில் செபம் நின்றுபோயிருக்கிறது. எங்கள் எண்ணம் வேறு. சிரிப்புக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருக்கும். சிலவற்றைச் சரிசெய்ய வேண்டும், சிலவற்றை அப்படியே விட்டுவிட வேண்டும். எது எது என்று தெரிந்துகொண்டால் செபமும் நிற்காது, சிரிப்பும் நிற்காது.

முதலில் நேரம். மீன் கூடை தூக்குகிற பெண்கள் விடிவதற்கு வெகு முன்னால் கிளம்ப வேண்டியவர்கள். கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள் பகலெல்லாம் உப்புத் தண்ணீரில் கிடந்துவிட்டு வருவார்கள். எட்டரைக்கு மேல் இவர்களை முழந்தாளில் நிறுத்துவது அநியாயம். கோயிலில் ஆறு மணிக்குத் திரிகால மணி அடித்ததும் விளக்கேற்றி, ஏழேகாலுக்குச் செபமாலையைத் தொடங்கினால் ஏழே முக்காலுக்கு முடியும். சீரியல் விளம்பர இடைவேளையில் ஒரு பத்து, அடுத்த இடைவேளையில் ஒரு பத்து என்று முயற்சி செய்கிற வீடுகள் உண்டு. அது உருப்படாது. மூன்றாவது பத்தில் மாமியார் கதாபாத்திரத்துக்காக யாராவது வேண்டிக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குடும்பமாகச் சேர்ந்து செபமாலை சொல்வதற்குத் திருச்சபை பரிபூரணப் பலன் (பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்குகிற பலன்) தருகிறது. ஐந்து பத்து போதும், ஆனால் இடையில் விடாமல் தொடர்ந்து சொல்ல வேண்டும், ரகசியங்களைத் தியானிக்கவும் வேண்டும். பாவசங்கீர்த்தனம், நன்மை (நற்கருணை) வாங்குவது, திருத்தந்தையின் கருத்துக்காக வேண்டிக்கொள்வது, பாவத்தின் மேல் ஒட்டுதல் இல்லாமல் இருப்பது என்ற வழக்கமான நிபந்தனைகளும் சேர்ந்தே வரும். அதனால் நடுவில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போகாமல் இருக்க வழி செய்துகொள்ள வேண்டும். சோற்றை முன்னாலேயே வடித்து வையுங்கள். குக்கர் என்றால் கண்டிப்பாக வேண்டாம். விசிலையும் ஒரு மணியாக எண்ணிவிடுகிற பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். மீனைச் செபம் முடிந்த பிறகு பொரியுங்கள். சீலா மீன் துண்டு எண்ணெயில் கிடக்கும்போது மகிமை ரகசியத்தை யாரும் தியானிக்க முடியாது. பூனை ஒன்று மட்டும் ஒரே மனதாகத் தியானத்தில் இருக்கும், அடுப்புப் பக்கம் பார்த்தபடி.

கணக்கு இப்படி. ஒரு அருள் நிறைந்த மரியே மந்திரத்துக்கு, ஒருவர் சொல்கிற முன்சொல்லும் மற்றவர்கள் சொல்கிற பின்சொல்லும் சேர்த்து, நிதானமாகச் சொன்னால் 15 விநாடி. 53 மணிக்கு 13 நிமிசம். விசுவாசப் பிரமாணம், ஆறு கர்த்தர் கற்பித்த செபம், திரித்துவப் புகழ், ஒவ்வொரு பத்துக்கும் பிறகு பாத்திமா செபம் எல்லாம் சேர்ந்து இன்னும் ஐந்தாறு நிமிசம். மாதாவின் பட்டங்களை அடுக்கிச் சொல்கிற பிரார்த்தனைக்கு ஐந்து. பாட்டுக்கும், யாருக்காக எதற்காக என்று வேண்டுகிற கருத்துகளுக்கும் ஐந்து. மொத்தம் அரைமணிக்குள். ஐம்பத்துமூன்று மணியும் ஒன்பது நிமிசத்துக்குள் முடிந்துபோனால் யாரோ வார்த்தையை விழுங்குகிறார்கள் என்று அர்த்தம். நாற்பது நிமிசம் தாண்டினால் யாரோ கருத்து சொல்கிறேன் என்று பிரசங்கம் வைக்கிறார்கள் என்று அர்த்தம்.

அதிகம் பழுதாகிற இடம், முன்சொல்லும் பின்சொல்லும் சந்திக்கிற இடம். முன்சொல்கிறவர் “இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே” என்று வரும்போது, “ஆசீர்” என்ற உடனேயே மற்றவர்கள் “அர்ச்சிஸ்ட மரியாயே” என்று பிடித்துக்கொள்வார்கள். இவர்கள் “மரண நேரத்திலும்” வரும்போது அவர் அடுத்ததைத் தொடங்கிவிடுவார். ஒவ்வொரு மணிக்கும் ஒரு விநாடி இந்தப் பக்கம், ஒரு விநாடி அந்தப் பக்கம் தின்றுபோய், நான்காவது பத்தில் இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் வேறு வேறு வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கும். யாராவது ஒருத்தர் களுக்கென்று சிரிப்பார், அவ்வளவுதான். இது சரிசெய்ய வேண்டிய வகை. வேகத்தைக் குறையுங்கள் என்று சொல்லிப் பயனில்லை. அடுத்த மூன்று மணிக்கும் நினைவிருக்கும், நான்காவதில் மறந்துவிடும். முன்சொல்கிறவர் தன் பாதி முடிந்ததும் மணியை விரலால் நகர்த்திவிட்டுத்தான் காது கொடுக்க வேண்டும், “ஆமென்” காதில் விழுந்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அவர் ஒருவராலேயே முழு வீட்டையும் நிதானத்துக்குக் கொண்டுவர முடியும். எதிரணி முந்தினாலும் அவர் அசையக் கூடாது. இரண்டு பத்துக்குள் அடங்கிவிடுவார்கள்.

பழைய செபமும் புதிய செபமும் மோதுகிற இடம் இன்னொன்று. அப்பத்தா “பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே” என்று போவார், மறைக்கல்வி படித்த பிள்ளை “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே” என்று போகும். ஒன்று நீளம், ஒன்று குட்டை. பிள்ளை ஆமென் சொல்லிவிட்டு அப்பத்தாவின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரே வடிவத்துக்கு எல்லோரையும் மாற்றப் பார்க்காதீர்கள். எழுபது வருசம் சொன்ன வாய் இனி மாறாது. ஒரு பத்தை யார் முன்சொல்கிறாரோ அவருடைய வடிவத்தில் அந்தப் பத்து முழுவதும் போகட்டும். பிள்ளைகளுக்கு இரண்டும் மனப்பாடமாகிவிடும். பின்னாளில் ஊர்ப் பெரியவர்களின் துக்க வீட்டில் பழைய செபத்தில் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். இந்த மோதலில் வருகிற சிரிப்பை விட்டுவிடலாம், யாருக்கும் கெடுதல் இல்லை.

எண்ணிக்கை தவறுவது பெரும்பாலும் விரல்விட்டு எண்ணுகிறவர்களால். பத்தாவது மணியா பதினொன்றாவதா என்று சந்தேகம் வந்தால் முன்சொல்கிறவர் குரலைச் சற்று இழுப்பார். வீடு முழுக்க அந்த இழுப்பைக் கேட்டு ஆளுக்கொரு எண்ணிக்கையை விரலில் காட்டும். ஒருத்தர் எட்டு, ஒருத்தர் பத்து, தம்பி ஆறு. கூடச் சொன்னால் மாதா கோபித்துக்கொள்ள மாட்டார், ஒன்று கூடச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எப்போதும் பதினொன்று வருகிற வீடு என்றால் மாலையை எடுத்து எண்ணிப் பாருங்கள். அறுந்து, திருப்பிக் கோத்த மாலையில் ஒரு பத்துக்கு ஒன்பதோ பதினொன்றோ இருக்கும்.

தூக்கம் தனிக் கலை. கடலிலிருந்து வந்தவர் சுவரில் சாய்ந்த மூன்றாவது நிமிசம் தூங்கிவிடுவார். வாய் மட்டும் தூங்காது. சரியான இடத்தில் “அர்ச்சிஸ்ட மரியாயே” என்று பிசகாமல் பதில் வரும். மாட்டிக்கொள்வது பத்து முடிகிற இடத்தில். எல்லோரும் திரித்துவப் புகழ் சொல்லும்போது அவர் மட்டும் “பாவிகளாயிருக்கிற எங்களுக்காக” என்று ஒற்றைக் குரலில் போவார். எழுப்ப வேண்டாம். முழங்கையால் இடித்து எழுப்பினால் பதறிப்போய், கயிறு அறுந்ததா, ஆங்கர் நழுவியதா என்று கத்தினவர்கள் உண்டு. ராத்திரி வலை இழுத்தவருக்கு உட்கார்ந்து தூங்க அனுமதி கொடுங்கள். பிள்ளைகளுக்கு அந்த அனுமதி கிடையாது, அவர்களை உட்கார வைத்துவிட்டு ரகசியத்துக்கு ரகசியம் எழுந்து நிற்கச் சொன்னால் தூக்கம் கலையும்.

கருத்துகள் வைக்கிற நேரம்தான் இந்தச் செபத்தின் உயிர். படகு எஞ்சினுக்கு, வலை கடலடிப் பாரில் சிக்காமல் இருக்க, இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டுபோன பக்கத்து வீட்டுப் பையன்களுக்கு, காணாமல் போனவர்களுக்கு, இறந்துபோய் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கிற ஆத்துமாக்களுக்கு. இவையெல்லாம் இந்தக் கரையில் சும்மா சொல்கிற வார்த்தை இல்லை. சொல்லும்போது குரல் மாறும், அந்த நேரம் யாரும் சிரிக்க மாட்டார்கள். அடுத்த கணமே நாலு வயசுக் குட்டி, காணாமல் போன கோழிக்காக வேண்டும். அதையும் அதே மரியாதையோடு “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையின் கருத்துக்குச் சிரித்துவிட்டால் அது அடுத்த வருசம் வரை வாய் திறக்காது.

ஆளுக்கு ஒரு கருத்து, ஒரு வாக்கியம் என்பதைச் சட்டமாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கருத்து என்ற பெயரில் குடும்பச் சண்டை நுழையும். “சம்பளப் பணத்தை வீட்டில் கொடுக்கும் நல்ல மனசு சிலருக்கு வரணும், ஆண்டவரே” என்று அம்மா வேண்டினால், “நிம்மதியாச் சோறு போடுற பொறுமை சிலருக்கு வரணும், ஆண்டவரே” என்று பதில் மன்றாட்டு வரும். பிள்ளைகள் இரண்டுக்கும் கேட்டருளும் சொல்வார்கள். வியாழக்கிழமை இரண்டாவது ரகசியம் இன்னும் ஆபத்து. கானாவூர்த் திருமணத்தில் தண்ணீரைத் திராட்சை ரசமாக மாற்றியதைத் தியானிக்கும்போது குடிக்கிற ஆள் இருக்கிற வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வரும். அந்தப் பத்தை அவரையே முன்சொல்லச் சொல்கிற தந்திரம் சில அம்மாக்களிடம் இருக்கிறது. அது நல்லதுதான், ஆனால் இருமல் கூடாது. குடியை விட வேண்டும் என்ற வேண்டுதலை அவர் இல்லாத திங்கள், புதன், சனிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதிரில் வைத்துச் சொன்னால் அது செபமாக இருக்காது, பஞ்சாயத்தாகிவிடும்.

மாதா பிரார்த்தனை வேகமாகப் போகிற இடம். ஒரு பக்கம் பட்டம், ஒரு பக்கம் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்”. “தாவீது ராஜாவின் உப்பரிகையே, தந்தமயமான உப்பரிகையே” என்று வரும்போது உப்பளம் பார்த்து வளர்ந்த வாலிநோக்கம் பக்கத்துப் பிள்ளைகள் உப்பைத்தான் நினைப்பார்கள். மாடமாளிகை என்று ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் முடிந்தது. 2020 ஜூனில் திருத்தந்தை பிரான்சிஸ் மூன்று பட்டங்களைப் புதிதாகச் சேர்த்தார்: இரக்கத்தின் தாய், நம்பிக்கையின் தாய், புலம்பெயர்ந்தோரின் ஆறுதல். பழைய செபப் புத்தகங்களில் இவை இருக்காது. மூன்றாவதைப் “பாவிகளுக்கு அடைக்கலமே” என்பதற்கு அடுத்துப் பேனாவால் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது, பாதி வீடுகளில் ஒருவராவது வளைகுடா நாட்டில் இருக்கிறார். இந்தக் கரையில் அந்த ஒரு வரியை விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது.

பிரார்த்தனை முடிந்த பிறகு புனிதர் வரிசை. வேர்க்கோட்டுச் சூசையப்பர், தங்கச்சிமடத்துச் சந்தியாகப்பர், கச்சத்தீவு அந்தோணியார், 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் வேதசாட்சியாக மரித்த அருளானந்தர். இதோடு நிறுத்தத் தெரிய வேண்டும். தாத்தா பெயர்க்காரர், மருமகள் ஊர்ப் பாதுகாவலர், பேத்தி படிக்கிற பள்ளிக்கூடத்துப் புனிதர் என்று சேர்த்துக்கொண்டே போனால் இது இரண்டாவது பிரார்த்தனையாகிவிடும். இந்த நாலு பேர் போதும். விட்டுப்போன புனிதரின் திருநாள் வரும்போது அவருக்கு இடம் கொடுங்கள்.

துபாயில் இருக்கிற மகனை வீடியோ காலில் சேர்த்துக்கொள்வது இப்போது சாதாரணம். இங்கே ஏழரை என்றால் துபாயில் ஆறு, குவைத்தில் ஐந்து. வேலை முடிகிற நேரம் பார்த்து நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். தொல்லை என்னவென்றால் சத்தம் ஒரு விநாடி பிந்தி வரும். அவர் கூட்டத்தோடு சேர்ந்து பதில் சொன்னால் ஒவ்வொரு “ஆமென்”னுக்கும் பின்னால் ஒற்றை ஆமென் எதிரொலிக்கும், வீடே குலுங்கும். ஒரு பத்தை அவர் முன்சொல்லட்டும், மற்ற நான்கிலும் அவர் பக்கத்து மைக்கை மூடி வைத்துக்கொண்டு அங்கேயே சொல்லட்டும். போனைச் சுரூபத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்காதீர்கள். பிள்ளைகள் மாதாவைப் பார்க்காமல் அண்ணனின் மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பிள்ளைகளுக்குக் கையில் வேலை கொடுத்தால் பாதிக் குறும்பு நிற்கும். ஒருத்தர் பாய் விரிக்க, ஒருத்தர் மெழுகுதிரி ஏற்ற, ஒருத்தர் ரகசியத்தின் பெயரை வாசிக்க, ஒருத்தர் திருவிவிலியத்திலிருந்து ஐந்தாறு வசனம் படிக்க. கச்சான் காற்று வீசுகிற மாசங்களில் மெழுகுதிரி நிற்காது, அணைய அணைய ஏற்றுவதே விளையாட்டாகிவிடும். கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்த விளக்கு நல்லது. ஓலைக் கொட்டகை வீட்டில் திறந்த மெழுகுதிரியே கூடாது. சிரிப்பு ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குத் தொற்றி அடங்காத கட்டம் வந்துவிட்டால் அதட்டாதீர்கள், அதட்டினால் இன்னும் பொங்கும். முன்சொல்கிறவர் அந்த மணியோடு நிறுத்திவிட்டு எல்லோருக்கும் தெரிந்த மாதா பாட்டு ஒன்றின் பல்லவியைச் சத்தமாக எடுக்க வேண்டும். பாடுகிற வாய்க்குச் சிரிக்க மூச்சு இருக்காது. இரண்டு தடவை பாடிவிட்டு விட்ட மணியிலிருந்து தொடரலாம்.

மாலையைப் பற்றிக் கொஞ்சம். திருவிழாக் கடைகளில் வாங்குகிற கம்பிச் சங்கிலி மாலைகள் இந்த உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். விரலில் கறுப்பு ஒட்டும், கண்ணி இற்று ஒருநாள் மணிகள் தரையெல்லாம் ஓடும். வலை பின்னத் தெரிந்த வீட்டில் மாலையை விலைக்கு வாங்க வேண்டியதே இல்லை. இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள நைலான் முறுக்கு நூல் ஏழு மீட்டர் போதும். தங்கூசி (ஒற்றை இழை நைலான் நரம்பு) வேண்டாம், முடிச்சு வழுக்கி அவிழும். சுட்டுவிரலில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி, முனையைச் சுற்றுகளுக்கு அடியில் விட்டு வாங்கி, விரலை உருவிவிட்டு இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்தால் பீப்பாய் மாதிரி ஒரு முடிச்சு விழும். அது சின்ன மணி. பெரிய மணிக்குச் சுற்று ஒன்றோ இரண்டோ கூட. பத்துச் சின்ன முடிச்சு, விரல் அகலம் இடைவெளி, ஒரு பெரிய முடிச்சு, மறுபடி இடைவெளி என்று போட்டுக்கொண்டே போனால் வளையத்தில் ஐந்து பத்தும் நான்கு பெரிய மணியும் வரும். ஐந்தாவது பெரிய மணியைப் போட்டு மாலையைக் கெடுத்துவிடுகிறவர்கள் அதிகம். முதல் பத்துக்கான பெரிய மணி தொங்கலில்தான் இருக்கிறது. வளையத்தின் இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டி, தொங்கலில் ஒரு பெரியது, மூன்று சின்னது, ஒரு பெரியது போட்டுப் பாடுபட்ட சுரூபத்தை (சிலுவையை) கட்டுங்கள். ஆக 53 சின்னது, 6 பெரியது. முடிச்சை அங்கங்கே இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும், கடைசியில் எல்லாவற்றையும் இறுக்கலாம் என்று விட்டால் இடைவெளிகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. வெட்டிய முனையை நெருப்பில் காட்டி உருக்கினால் பிரியாது. பிறகு சாமியாரிடம் கொடுத்து மந்திரித்துக்கொள்ளுங்கள். இந்த மாலை நூல் கடல்நீரில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது, படகில் எடுத்துப் போக ஏற்றது.

தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை வீட்டிலேயே சிலுவைப்பாதை சொல்கிறவர்கள், 14 ஸ்தலத்துக்கும் முழங்கால் போட்டு எழ வேண்டும் என்பதை முன்கூட்டியே யோசியுங்கள். மூட்டுவலிக்காரர்கள் நாற்காலியில் இருந்தபடி தலை வணங்கினால் போதும். ஏழாவது ஸ்தலத்துக்கு மேல் அப்பத்தா எழும்போது பக்கத்துப் பேரன் தோள்தான் ஊன்றுகோல், பேரனும் சேர்ந்து சாய்வான். இறைச்சி விலக்கு விஷயத்திலும் இந்தக் கரைக்கு ஒரு வேடிக்கை உண்டு. திருச்சபைச் சட்டம் விலக்குவது இறைச்சியை, மீனை இல்லை. கோழியை விட்டுவிட்டு நண்டுக் குழம்பும் கணவாய்ப் பொரியலும் வைத்து ஒறுத்தல் செய்தோம் என்றால் ஓரியூர்ச் செம்மண்கூடச் சிரிக்கும். இங்கே ஒறுத்தல் என்றால் மீனையும் சேர்த்து விடுவதுதான்.

அக்டோபரில் மாதா சுரூபம் வீடு வீடாக வரும். அன்பியத்துப் (பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக் குழுவின்) பட்டியலில் உங்கள் வீட்டு முறை வருகிற நாளுக்குப் பாய் நாலு, செபப் புத்தகம் பத்து, கூடுதல் மாலை ஐந்தாறு தயாராக இருக்கட்டும். சுரூபத்தை வைக்கிற மேசை சுவரோடு ஒட்டி இருக்க வேண்டும், நடுவில் போட்டால் தவழ்கிற குழந்தை மேசைவிரிப்பைப் பிடித்து இழுக்கும். ரகசியத்துக்கு ஒரு வீட்டார் முன்சொல்வது என்று தொடங்கும் முன்பே பிரித்துக் கொடுங்கள். அங்கே வைத்து “நீங்க சொல்லுங்க மதினி”, “இல்ல, நீங்க சொல்லுங்க” என்று தொடங்கினால் ஒரு பத்து நேரம் போய்விடும். பிள்ளைகள் முன்வரிசையில், அவர்களுக்குப் பின்னால் உடனே பெரியவர்கள். பிள்ளைகளைப் பின்னால் விட்டால் இரண்டாவது பத்தில் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள், தெருவில் விளையாடிக்கொண்டிருப்பார்கள். முடிந்ததும் சின்னவர்கள் கைகூப்பித் தோத்திரம் சொல்ல, பெரியவர்கள் நெற்றியில் சிலுவை போடுவார்கள். இருபது பேர் இருக்கிற வீட்டில் இதற்கே ஐந்து நிமிசம் ஆகும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுண்டலுக்குக் காய்ந்த கொண்டைக்கடலை அரைக்கிலோ என்றால் பன்னிரண்டு பேருக்குக் கையளவு வரும், இருபத்தைந்து பேருக்கு ஒரு கிலோ. முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு, மத்தியானம் வேகவைத்து நீரை வடித்துவிடுங்கள். பிரார்த்தனை முடிவதற்கு முன்னால் தாளிக்கக் கூடாது. கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டால் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்பது அடுப்படிப் பக்கம் திரும்பிவிடும். தேங்காயை இறக்கும்போது தூவுங்கள், இந்தப் புழுக்கத்தில் முன்கூட்டிக் கலந்து வைத்தால் பரிமாறுவதற்குள் ஊசிப்போகும்.